கை மடியில் இருக்கட்டும்

சின்னவளிடம் போகாத குழந்தை கிடையாது. இதை அவள் ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. வீட்டார் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள், பிறகு வேலை பார்த்த இடத்திலும் சொன்னார்கள். எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளும் அதை நம்பிவிட்டாள். கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். தலை நரைத்து, சொந்த மகனுக்கு மீசை முளைத்து அவன் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. மூத்தவள் பெரியவள். கீழ் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். மாடியில் சின்னவளும் அவள் கணவரும். படிப்பில் சின்னவள் பத்தாவது வரை போனாள். கணக்கு அவளுக்கு வரவில்லை, அவளும் அதைத் தேடிப் போகவில்லை. பெரியவள் அதற்கும் முன்பே நின்றுவிட்டவள். அதனால் இன்றைக்கும் அவளுக்குத் தங்கைதான் படித்தவள்.

சிறு வயதிலேயே அவள் இடுப்பு காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. கடைக்குப் போகிறவர்கள், குளிக்கப் போகிறவர்கள், புருஷனோடு சண்டை போடப் போகிறவர்கள் எல்லோரும் பிள்ளையை இவள் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். இவளும் வாங்கிக்கொள்வாள். வீறிட்டுக்கொண்டு வரும் குழந்தை இவள் தோளில் சாய்ந்த மாத்திரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்க்கும். “என்னடி மந்திரம் போடற?” என்று கேட்பார்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. குழந்தையைத் தூக்கியதும் அவள் மூச்சு தானாகவே மெதுவாகிவிடும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவள் பெரியவள்.

கல்யாணம் ஆகி மகன் பிறந்த பிறகு, ஒரு துணி ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாகச் சேர்ந்தாள். ஆலையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தன. அவள் வேலை பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் நகத்தை ஒட்ட வெட்டி, சிமெண்டுப் படியில் தேய்த்து மழுங்கச் செய்துகொள்வாள், குழந்தையின் தோலில் கீறக் கூடாதென்று. அதே காரணத்துக்காக வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போவாள். உடையில் ஊசி குத்தமாட்டாள், கொக்கி மட்டும்தான். ஊட்டும்போது கரண்டியை வாய்க்குள் திணிக்காமல் கீழ் உதட்டில் வைத்துக் காத்திருப்பாள். குழந்தை தானாக வாயைத் திறக்கும். அடுத்த அறையில் எந்தப் பிள்ளை அடங்காவிட்டாலும், “சின்னவகிட்ட குடு” என்பதுதான் அங்கே கடைசித் தீர்ப்பு. அப்படி ஏகப்பட்ட வருஷங்கள் ஓடின. ஒருநாள் ஆலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். காப்பகத்துத் தொட்டில்களைக் கழற்றி லாரியில் ஏற்றும்போது, போல்டுகள் தொலையாமல் இருக்க ஒவ்வொரு தொட்டிலின் போல்டையும் அதனதன் காலிலேயே துணியில் முடிந்து கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு கிடைத்ததுதான் இந்த வேலை. ஒரு தொண்டு நிறுவனம். பள்ளிக்குப் போகும் வயதுக்கு வராத குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் போய், அந்தக் குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று பெற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். பெரியவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

“பெத்தவளுக்குப் பிள்ளைகிட்ட பேசக் கத்துக்குடுக்கணுமா? நல்லா இருக்குடி உலகம்.”

“சிரிக்காத. வீட்டுக்கு வந்தா அலுத்துப்போய் ஆளுக்கொரு போனை எடுத்துக்கறாங்க. பிள்ளைக்கும் ஒரு போன். பேச்சு எங்கேர்ந்து வரும்?”

“உனக்கு என்ன, கண்ணை மூடிக்கிட்டுச் செய்வ” என்றாள் பெரியவள். அதைத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

பயிற்சிக்குக் கூட்டியிருந்த கூடத்தில் மேற்பார்வை மேடம் முதல் நாளே குண்டைத் தூக்கிப் போட்டார். வந்திருந்த பெண்கள் எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லி, “இப்ப கையை மடியில வைங்க. இனிமே நீங்க போற வீட்டுல உங்க கை இருக்க வேண்டிய இடம் அதுதான்” என்றார்.

“குழந்தை நம்ம மேல வந்து விழுந்தா மேடம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அம்மாகிட்ட திருப்பி விடுங்க. குழந்தை உங்ககிட்ட ஒரு சாமானைக் குடுத்தா, ‘அம்மாகிட்ட குடு’ன்னு சொல்லுங்க. அது சிரிச்சா அம்மாவைப் பார்த்துச் சிரிக்கணும். நீங்க போறது குழந்தைக்காக இல்ல, அம்மாவுக்காக. பொம்மை எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. நீங்க கிளம்பும்போது பொம்மையும் கிளம்பிடும், அப்புறம் அந்த வீட்டுல விளையாட்டே இருக்காது. அந்த வீட்டுல இருக்கற மூடி, கரண்டி, துவைச்ச துணி, இதுங்க போதும்.”

“அப்ப நாங்க என்ன சுவத்துல மாட்டின படமா?” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. கூடமே சிரித்தது. சின்னவள் சிரிக்கவில்லை. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை போல இருந்தன.

ஆனாலும் சொன்னபடி நடந்துகொண்டாள். ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அதை அரைகுறையாகச் செய்கிற ரத்தம் அந்த வீட்டில் கிடையாது. அவளுக்குக் கிடைத்த முதல் வீடு ஒரு முடிதிருத்துபவருடையது. மனைவி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. காலையில் பையனைப் பார்த்துக்கொள்வது இவர்தான்.

“கடையில வர்றவங்ககிட்ட நாள் பூரா பேசறீங்களே. அதுல கொஞ்சம் இவன்கிட்ட பேசக்கூடாதா?” என்றாள் சின்னவள்.

“இவன் எங்கேம்மா காசு குடுக்கறான்?” என்றார் அவர்.

ஆனால் அடுத்த வாரம் போனபோது, மகனை ஸ்டூலில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, “சார் எப்படி வெட்டணும்? மேல கொஞ்சம் குறைக்கவா? காது வேணுமா, வேணாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, “காது வேணும், காது வேணும்” என்று கத்தினான். சின்னவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “இந்த வேலை எனக்குப் பிடிபட்டுடுச்சுக்கா” என்றாள் பெரியவளிடம். தகப்பன் வாயாடி, அதனால் பிடிபட்டது. அது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

குட்டியின் வீடு அதற்குப் பிறகு வந்தது.

நெரிசலான தெரு, மூன்றாவது மாடி. படிக்கட்டின் திருப்பத்தில் ஓட்டை சைக்கிள், உடைந்த நாற்காலி, யாருடையதென்று தெரியாத பெயிண்ட் டப்பாக்கள். வீடு என்பது ஒரே அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில், இந்தப் பக்கம் அடுப்பு மேடை. தெருவைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். குட்டியின் அப்பா லாரி ஓட்டுபவர். வாரக்கணக்கில் வரமாட்டார், வந்தால் தூங்குவார். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்றுகொண்டு அடுக்க வேண்டும். பேசினால் கை தவறும் என்று அங்கே பேசவிடுவதில்லை. இரைச்சலில் பேசினாலும் கேட்காது. காதில் பஞ்சு, வாயில் துணி. அப்படியே பழகிப்போய், வீட்டிலும் அவள் கையால் காட்டித்தான் வேலையை முடித்துக்கொள்வாள். தட்டை நகர்த்தினால் சாப்பிடு என்று அர்த்தம். விளக்கை அணைத்தால் தூங்கு என்று அர்த்தம்.

குட்டிக்கு மூன்றரை வயது. பகலெல்லாம் கீழ் வீட்டம்மாவிடம் இருந்தாள். அந்த அம்மா டிவியிடம் இருந்தாள். குழந்தை வாயிலிருந்து வந்தவை ‘ம்’, ‘ஊம்’, ‘தா’. அதற்கு மேல் இல்லை. காதெல்லாம் சோதித்துப் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. “மௌன விரதம் எப்ப முடியுது?” என்று கீழ் வீட்டம்மா படியேறுபவர்களிடமெல்லாம் கேட்பாள். தெருமுனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, பேர் கேட்டால்கூடச் சொல்லாத பிள்ளையை எடுக்க முடியாது, பேசினால் அடுத்த சேர்க்கைக்குக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்ட அப்பா போனிலேயே முடிவு செய்துவிட்டார்: அடுத்த சேர்க்கையிலும் எடுக்கவில்லை என்றால் குழந்தையை வெளியூரில் இருக்கும் தன் தமக்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. அங்கே நாலு பிள்ளைகளோடு ஐந்தாவதாக வளரட்டும்.

முதல் நாளே குட்டியின் அம்மா இதைச் சொல்லிவிட்டாள். அவள் அன்றைக்குப் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

“அனுப்பிட்டா திரும்ப வராதுக்கா. அவங்க குடுக்கமாட்டாங்க. எனக்கு இது ஒண்ணுதான்.”

“அனுப்ப வேணாம். நாம பேச வெச்சுடலாம்” என்றாள் சின்னவள். அப்புறம் மேடம் சொன்னது ஞாபகம் வந்து, “நீ பேச வெச்சுடுவ” என்று திருத்திக்கொண்டாள்.

“நான் என்ன பேசறது இதுகிட்ட?”

“நீ செய்யற வேலையைச் சொல்லிக்கிட்டே செய். வெங்காயம் உரிக்கறேன், கண்ணு எரியுது, தோலைக் குப்பையில போடறேன், அந்த மாதிரி.”

“பைத்தியம்னு நினைப்பாங்க.”

“கதவைச் சாத்திக்கிட்டுப் பேசு.”

பாத்திரங்களையும் மூடிகளையும் தரையில் பரப்பினார்கள். எந்தப் பாத்திரத்துக்கு எந்த மூடி என்று குழந்தை தேட வேண்டும், அம்மா பேசிக்கொண்டே கூட இருக்க வேண்டும். குட்டியின் அம்மா ஒரு மூடியை எடுத்து, “இது... மூடி. இது... பெரிய மூடி” என்றாள், பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்பவளைப் போல. குழந்தை அவளைப் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து மூடியைச் சின்னவளின் மடியில் போட்டது.

“அம்மாகிட்ட குடு” என்றாள் சின்னவள்.

குழந்தை நகரவில்லை. இன்னொரு மூடியைக் கொண்டுவந்து போட்டது. கை பரபரத்தது. சின்னவள் அதை மடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சில வாரங்கள் இப்படியே போயின. அம்மாவின் குரல் இளகத்தான் செய்தது, ஆனால் எறும்பு ஊர்வது போல. “கேள்வி கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா இரு, அது பதில் தேடட்டும்” என்று சின்னவள் சொல்வாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அவளுக்குக் கண் சொக்கும். விடிவதற்கு முன் எழுந்து, ஷிப்ட் முடிந்து, நேரே படியேறி வந்து உட்காருபவள். ஒருநாள் மூடியைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. விரல்களில் அட்டைப் பெட்டி கீறிய கோடுகள்.

எழுப்பியிருக்க வேண்டும். சட்டம் அதுதான். ஆனால் ஆலைக் காப்பகத்தில் பிள்ளைகளை விட வந்த பெண்களின் முகமெல்லாம் இப்படித்தான் இருந்தது. அவர்களில் ஒருத்தியையும் அவள் எழுப்பியதில்லை. தூங்கட்டும் பாவம் என்று விட்டாள். குழந்தை மூடியை எடுத்துக்கொண்டு வந்தது. சின்னவளின் கை மடியை விட்டு எழுந்தது.

அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் கைகளுக்கு யார் பேச்சும் கேட்கவில்லை. மூடி கதவாயிற்று, கதவைத் தட்டினால் உள்ளே கரண்டி “யாரு?” என்று கேட்டது. குட்டி வாயைப் பிளந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள், பிறகு சத்தமாகச் சிரித்தாள். போகும் நேரத்தில் அவள் சின்னவளின் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். குட்டியின் அம்மா பதறி எழுந்து, “ஐயோ, தூங்கிட்டேனா?” என்றாள்.

“இருக்கட்டும். நல்லா விளையாடினா.”

அடுத்த வாரம் அவள் தானாகவே, “அக்கா, நீங்க இருக்கும்போது ரெண்டு துணியை அலசிப் போட்டுடட்டுமா?” என்று கேட்டாள். அதற்கடுத்த வாரம் கேட்கவில்லை. சின்னவள் வந்ததும் திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வாரத்தில் கிடைத்த இளைப்பாறல். சேர்க்கைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை தேறி வந்தது. சரிதானே என்று சின்னவள் நினைத்தாள். வார்த்தை வரட்டும், வந்த பிறகு அம்மாவிடம் திருப்பிக்கொள்ளலாம், தண்ணீர்க் குழாயைத் திருப்புவது போல.

முதலில் வந்த வார்த்தை ‘அக்கா’. அம்மா அவளை அப்படித்தானே கூப்பிட்டாள், குட்டியும் அதையே பிடித்துக்கொண்டாள். பிறகு ‘யாரு’, ‘கதவு’, ‘இன்னொண்ணு’. ஒரு மாலை, கரண்டிக்குக் கைக்குட்டையைப் போர்த்திவிட்டு நிமிர்ந்து, “அக்கா, கரண்டி தூங்குது, சத்தம் போடாத” என்றாள்.

சின்னவள் துள்ளி எழுந்தாள். திரையை விலக்கிக்கொண்டு ஓடி, குட்டியின் அம்மாவை உலுக்கி எழுப்பினாள். “பேசிட்டா. முழுசாப் பேசிட்டா. கரண்டி தூங்குதுன்னு சொல்றா.”

குட்டியின் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். குழந்தையைப் பார்த்தாள். “எங்க, சொல்லு” என்றாள். குழந்தை சின்னவளின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

“முன்னாடியே எழுப்பியிருக்கலாம்லக்கா” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கூந்தலை முடிந்துகொண்டே சொன்னாள்.

பள்ளிச் சேர்க்கைக்குக் குட்டியின் அம்மா லீவு போட்டாள். முதலில் தானே கூட்டிக்கொண்டு போவதாகத்தான் இருந்தது. போய் உட்கார்ந்து, டீச்சர் பேர் கேட்டு, நிறம் கேட்டு, பூனை எப்படிக் கத்தும் என்று கேட்டு, குட்டி தரையையே பார்த்துக்கொண்டு நின்ற பிறகு, வராந்தாவுக்கு வந்து சின்னவளுக்குப் போன் செய்தாள். “கொஞ்சம் வரமுடியுமாக்கா?” என்றாள். அதைக் கேட்பதற்கு அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போது சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவள் அவசரமாக இஸ்திரி போட்டுக் கொடுத்த உடையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனாள்.

அவள் பக்கத்தில் வந்து நின்றதும் குட்டி வாயைத் திறந்தாள். பேர் சொன்னாள். சிவப்பு, பச்சை சொன்னாள். பூனை கத்துவதைக் கேட்டதற்கு, “பூனை தூங்குது” என்றாள். டீச்சர்கள் சிரித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை சின்னவளைப் பார்த்து, “நல்லா பழக்கியிருக்கீங்கம்மா. உங்க பொண்ணு கெட்டிக்காரி” என்றார்.

சின்னவள் திருத்தினாள். ‘நான் அம்மா இல்லைங்க, அம்மா இவங்க’ என்று கையைக் காட்டினாள். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அந்தப் பாராட்டு தன்மேல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவ்வளவு வருஷம் யாராரோ பெற்ற பிள்ளைகளைத் தூக்கிய கைக்கு அதுகூட இல்லாமல் போகவேண்டுமா என்று கேட்டால், நியாயம்தான். ஆனால் குட்டியின் அம்மா ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த ஒரு மூச்சையும் பார்த்துவிட்டாள்.

அன்று மாலை சின்னவள் மேடத்திடம் போய்ச் சொன்னாள். பள்ளியில் எடுத்துக்கொண்டார்கள், இனி வெளியூர் அனுப்பமாட்டார்கள் என்று. முகமெல்லாம் பல்.

“சந்தோஷம். அம்மாகிட்ட பேசறாளா?” என்றார் மேடம்.

“பேசுவா மேடம்.”

“பேசுவாளான்னு கேக்கல.”

மேடம் அதற்குமேல் கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் வீட்டுக்கு நிறுவனம் ஆள் அனுப்புவதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு அதே தெருவில் வேறொரு வீட்டைக் கொடுத்தார். குழாய் திருப்பப்படவே இல்லை. இப்போது ஊற்றையே மூடியாயிற்று.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விடுமுறை நாளில் குட்டியின் அம்மா வீடு தேடி வந்தாள். சின்னவள் கீழே பெரியவளுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாம்மா. குட்டி எங்க?”

“கீழ் வீட்டம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். தெரிஞ்சா கூட வரேன்னு அழும்.” அவள் உள்ளே வரவில்லை. “உங்களைத்தான் கேக்குது. தினம் நீங்க வர்ற நேரத்துக்கு ஜன்னல்ல ஏறி நிக்குது. நான் மூடியை எடுத்து வெச்சா, நீ இல்ல, அக்கான்னு பிடுங்கிக்குது. பள்ளிக்கூடத்துலயும் பேசறதில்லையாம். டீச்சர் சொல்றாங்க, அன்னிக்கு அவ்வளவு பேசின குழந்தை, வீட்டுல ஏதாவது பிரச்சனையான்னு.”

“நான் வேணும்னா லீவு நாள்ல வந்து...”

“வேணாம்.”

பெரியவள் மெஷினை நிறுத்தினாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா இது? என் தங்கச்சி இல்லேன்னா உங்க பொண்ணு வாயே திறந்திருக்காது. இந்நேரம் வெளியூர்ல இருந்திருக்கும்.”

குட்டியின் அம்மா தலையை ஆட்டினாள். “ஆமாக்கா. நான் இல்லேன்னு சொல்லல. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. குட்டி அப்பாகூடப் போன்ல சொல்றார், அந்த அக்காவுக்கு ஏதாவது வாங்கிக் குடுன்னு.” பிறகு சின்னவளைப் பார்த்தாள். “அங்க அனுப்பியிருந்தா அது தூரத்துல இருந்துகிட்டு என்னை நினைச்சிருக்கும். இப்ப என் பக்கத்துல படுத்துக்கிட்டு உங்களை நினைக்குது.”

அந்தப் பேசத் தெரியாத பெண்ணுக்கு அன்றைக்கு எங்கிருந்து வார்த்தை வந்ததோ. சின்னவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

“நான் என்னம்மா செய்யணும்?”

“எங்க தெருவுக்கு நீங்க வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பக்கமா நடந்து போயிடுங்க. கூப்பிட்டாலும் பார்க்காதீங்க. நான் தூங்காம கூட உக்காந்துக்கறேன். எனக்குக் கொஞ்ச நாள் வேணும். நீங்க கண்ணுல பட்டா அது என்கிட்ட வராது.”

அவள் போன பிறகு பெரியவள் வெகுநேரம் பொருமினாள். நன்றி கெட்ட உலகம் என்றாள், வயிற்றெரிச்சல் என்றாள். சின்னவள், “அவ சொன்னதுதான்க்கா எனக்குப் பயிற்சியிலயும் சொல்லிக் குடுத்தாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்ட பித்தானைத் தைத்தாள். தைத்தது கோணலாகப் போயிற்று. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

புதிய வீடு குட்டியின் கட்டடத்தைத் தாண்டிச் சில வாசல்கள் தள்ளி இருந்தது. வேறு வழி கிடையாது. தெருவின் மறுமுனை சாக்கடைக்காகத் தோண்டிக் கிடந்தது. அந்த வாரம் சின்னவள் வழக்கமாக நடக்கும் ஓரத்தை விட்டு எதிர் ஓரத்தில் நடந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வழியை அடைத்துக்கொண்டு எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒதுங்கும் வரை நிற்க வேண்டியதாயிற்று. நின்ற இடம் குட்டி வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே.

“அக்கா.”

சின்னவள் தள்ளுவண்டியில் இருந்த வெங்காயத்தைப் பார்த்தாள்.

“அக்கா, இங்க. நான் செருப்புப் போட்டுட்டேன். அம்மா தூங்கல, கதவு திறந்துதான் இருக்கு. நீ மேல வா.”

இவ்வளவு நீளமாக அந்தக் குழந்தை அதுவரை பேசியதில்லை. ஒரு வார்த்தை தடுக்கவில்லை, ஒரு வார்த்தை விழவில்லை. தெருவில் போனவர்கள்கூட அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தள்ளுவண்டிக்காரர், “அம்மா, உங்களைத்தான் கூப்பிடுது” என்றார்.

“என்னை இல்ல” என்றாள் சின்னவள். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்து நடந்தாள். கைகளை வீசி வீசி நடப்பது அவள் வழக்கம். ஜன்னலில் நிற்கிறவளுக்கு அந்த நடை தெரியும். அதனால் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் குழந்தை இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டது. அப்புறம் குட்டியின் அம்மாவின் குரல் கேட்டது. பஸ் நிலையத்து அறிவிப்பு போல இல்லை, பெற்றவள் குரலாகவே இருந்தது.

“அது அக்கா இல்லடா செல்லம். வேற யாரோ போறாங்க. பாரு, எப்படி நடக்கறாங்க பாரு. நம்ம அக்கா இப்படியா நடப்பாங்க?”

குழந்தை என்ன சொன்னது என்று கேட்கவில்லை. சின்னவள் அதற்குள் புதிய வீட்டின் வாசலுக்கு வந்திருந்தாள். உள்ளே ஒரு தகப்பன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, இவளுக்காகப் பாத்திரங்களைத் தரையில் பரப்பிக் காத்திருந்தான்.